வேலிச் சண்டையிலிருந்து அகந்தையைப் பிரித்தெடுப்பது எப்படி

நூறு அடி நீளமான எல்லை வேலி ஆறு அங்குலம் உள்ளே தள்ளி அடைபட்டால் போகிற நிலம் 50 சதுர அடி. யாழ்ப்பாணக் காணிக் கணக்கில் ஒரு பரப்புக்கு 18 குழி; ஒரு குழி ஏறத்தாழ 151 சதுர அடி. ஆக, போனது ஒரு குழியின் மூன்றிலொரு பங்கு. அந்த ஒடுங்கல் துண்டில் ஒரு தென்னம்பிள்ளைகூட ஒழுங்காக நிற்காது. அதற்காக இரண்டு குடும்பம் பதினைந்து வருஷம் முகம் பாராமல் இருப்பதும், ஒரே கோயிலில் ஒரே பூசைக்கு வந்துவிட்டு ஆளுக்கொரு வாசலால் வெளியேறுவதும் யாழ்ப்பாணத்தில் புதினமில்லை. நிலத்தின் அளவையும் சண்டையின் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் மிஞ்சி நிற்பதைத்தான் வேதாகமம் அகந்தை என்கிறது. ஊரில் தடிப்பு என்போம்.

அந்த மிச்சத்தைக் கண்டுபிடித்து, காணிப் பிரச்சினையிலிருந்து பிரித்து, முடிந்த அளவுக்குக் களையும் முறையை இங்கே படிப்படியாகத் தருகிறோம். உதாரணத்துக்கு வேலியை எடுத்திருக்கிறோம். பங்குக் கிணறு, சீதனக் கதை, வீட்டுக்கு வந்து கலியாணம் சொல்லாத குறை, சபை நிர்வாகம் எல்லாவற்றுக்கும் இதே முறை செல்லும். வேலியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தின் வழமைச் சட்டமான தேசவழமையில் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் காணி எழுதும் பழக்கத்தால் பாட்டனாரின் ஒரே வளவு இரண்டு தலைமுறையில் நாலாகப் பிரிந்துவிடுகிறது. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர் மச்சானாகவோ, பெரியம்மாவின் மகனாகவோ, கூடப்பிறந்த அக்காவாகவோதான் அநேகமாக இருப்பார். முகம் முறிந்தால் செத்தவீடு, கலியாணவீடு, பிள்ளைகளின் ஞானஸ்நானம் எல்லாமே சேர்ந்து பிளக்கும்.

வசனத்தை முழுதாக வாசியுங்கள்

"அகந்தையினால் மாத்திரம் வாது பிறக்கும், ஆலோசனையைக் கேட்கிறவர்களிடத்திலோ ஞானம் உண்டு" என்கிறது நீதிமொழிகள் 13:10. முதற் பாதியை மட்டும் கேட்டவர்கள் கோபப்படுவார்கள். "வேலியை நகர்த்தினது அவர். தடிப்பு எனக்கோ?" என்பார்கள். நியாயமான கேள்விதான். விடை இரண்டாம் பாதியில் இருக்கிறது. அகந்தைக்கு எதிர்ப்பக்கத்தில் அந்த வசனம் மௌனத்தையோ, விட்டுக்கொடுப்பதையோ வைக்கவில்லை. ஆலோசனை கேட்பதை வைக்கிறது.

குறை வேறு, வாது வேறு. குறை பல வழியால் பிறக்கும்: காணி உறுதிப் பத்திரத்தில் எல்லை சரியாக எழுதப்படாதது, வேலி அடைக்க வந்த கூலியாள் கயிறு பிடிக்காமல் கண்மட்டத்தில் அடைத்தது, இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பழைய வேலியே இல்லாமற் போனது. இதிலெல்லாம் அகந்தை தேவையில்லை. குறை வாதாக மாறுகிற இடம் ஒன்று உண்டு: எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்ல இயலாது என்று நான் ஆகிற இடம். 'மாத்திரம்' என்ற சொல் அங்கேதான் பொருந்துகிறது.

முதற் சோதனை

ஆறுதலாக இருந்து, ஒருவரும் பக்கத்தில் இல்லாதபோது, இந்த நாலையும் உங்களையே கேளுங்கள்.

மற்றவர் இன்று இரவே சத்தமில்லாமல் அந்த ஆறு அங்குலத்தையும் விட்டு வேலியைத் திருப்பி அடைத்துவிட்டார் என்று வையுங்கள். நாளைக்கு நீங்கள் அவரோடு கதைப்பீர்களா? "இல்லை, வந்து ஒரு வார்த்தை சொல்லவேணும்" என்று மனம் சொன்னால், நீங்கள் தேடுவது நிலம் இல்லை என்று விளங்கிக்கொள்ளுங்கள். தேடுவது பிழை என்று சொல்லவும் முடியாது. ஆனால் நில அளவையாளரால் அதை அளந்து தர இயலாது.

நீங்கள்தான் சரி என்று முடிவு வந்து, அது ஊரில் ஒருவருக்கும் தெரியவராது என்றால் திருப்தியா?

இதைப்பற்றி ஆரிடம் ஆலோசனை கேட்டீர்கள்? பெயர்களை விரல்விட்டு எண்ணுங்கள். அவர்களில் உங்களை மறுத்துப் பேசக்கூடியவர் எத்தனை பேர்? ஒருவரும் இல்லையென்றால் நீங்கள் இன்னும் ஆலோசனை கேட்கவில்லை, ஆள் சேர்த்திருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வி ஏமாற்றாத கேள்வி. வேலியின் நீளம் எத்தனை அடி என்று உடனே சொல்வீர்களா? அவர் உங்களைப் பார்த்து "நீ ஆர் கேக்க?" என்றது எந்த மாதம், எந்த நேரம், பக்கத்தில் ஆர் நின்றது என்று சொல்வீர்களா? முதலாவது தெரியாமல் இரண்டாவது அச்சொட்டாக நினைவிருந்தால், காயம் எங்கே என்று தெரிந்துவிட்டது.

அகந்தை ஒளிக்கும் நாலு இடம்

590 முதல் 604 வரை பாப்பரசராக இருந்த பெரிய கிரகோரியார் அகந்தையைத் தலையான பாவங்கள் எல்லாவற்றுக்கும் வேராக வைத்தார். அதன் முதற் கிளையான வீண்பெருமைக்கு ஏழு பிள்ளைகள் என்று கணக்கும் சொன்னார்: கீழ்ப்படியாமை, தற்புகழ்ச்சி, வெளிவேஷம், வாக்குவாதம், பிடிவாதம், பிரிவினை, புதுமை காட்டும் துணிவு. 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் இவற்றில் நாலை எடுத்து, "நான் மற்றவனிலும் குறைந்தவன் இல்லை" என்று காட்ட மனிதன் பாவிக்கும் நாலு இடங்களோடு பொருத்தினார். கருத்தில் வந்தால் பிடிவாதம். விருப்பத்தில் வந்தால் பிரிவினை. பேச்சில் வந்தால் வாக்குவாதம். செயலில் வந்தால் கீழ்ப்படியாமை. எழுநூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்த வகுப்பு வேலிக்கு அப்படியே பொருந்துகிறது. எந்த இடத்தில் என்று தெரியாமல் மருந்து போட்டால் பலிக்காது.

கருத்தில் இருக்கும் பிடிவாதத்தை ஆதாரம் தீர்க்காது. நில அளவையாளர் வந்து பிளான் கீறித் தந்தபின் "பிளான் பிழை, அவர் அவையின்ர ஆள்" என்று தொடங்குவது இதுதான். மருந்தை முன்கூட்டியே கொடுக்கவேண்டும். அளக்க ஆள் வருவதற்கு முன்பே இரு பகுதியும் சேர்ந்து ஒரு தாளில் எழுதுங்கள்: ஆர் அளப்பது, எந்த உறுதியை வைத்து அளப்பது, செலவு எப்படிப் பங்கு, முடிவு எப்படி வந்தாலும் ஏற்பது. முடிவு தெரியாத நேரத்தில் மனிதர் நீதியாகப் பேசுவார்கள். தெரிந்தபின் அந்த நீதியைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும்.

விருப்பத்தில் இருக்கும் பிரிவினைக்கு ஆதியாகமம் 13 நல்ல வைத்தியம். ஆபிராமின் மேய்ப்பருக்கும் லோத்தின் மேய்ப்பருக்கும் காணி காணாமல் வாக்குவாதம். ஆபிராம் மூத்தவர், லோத்தின் தகப்பனோடு கூடப்பிறந்தவர். முதலில் தெரிவு செய்யும் உரிமை அவருடையது. அவர் லோத்தைக் கூப்பிட்டு, நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன், நீ வலதுபுறம் போனால் நான் இடதுபுறம் போகிறேன் என்றார். செய்முறையைக் கவனியுங்கள்: தனக்கு ஒத்துவரும் இரண்டு வழியை முன்வைத்து, தெரிவை இளையவனிடம் விட்டார். எங்கள் ஊரில் மூத்தவர்கள் இதை மாறிச் செய்வார்கள். ஒரே வழியை வைத்து, "மூத்தவன் சொல்லுறன், கேள்" என்பார்கள்.

பேச்சில் வரும் வாக்குவாதம் கேட்கப் பயங்கரமாக இருந்தாலும் நாலிலும் இலேசானது. நிற்பவர் இருக்கவேண்டும், படலையில் நின்று கதைப்பவர் உள்ளே வரவேண்டும், ஒருவர் சத்தத்தைக் குறைக்கவேண்டும். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்ற நீதிமொழி 15:1க்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

செயலில் வருவதுதான் மோசம். பிணக்கைப் பேசித் தீர்க்கும் இணக்கசபையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கையெழுத்தும் வைத்துவிட்டு, அடுத்த கிழமை விடிய எழும்பிப் பார்த்தால் வேலிக்கு நட்ட தடிகளில், அதாவது கதியால்களில், நாலு பிடுங்கிக் கிடக்கும். சபையில் தோற்றதை வேலியில் வெல்லப் பார்க்கிற வேலை இது. வாயால் இணங்கியது எதையும் முடிந்ததாக எண்ணாதீர்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, ஆர் முன்னிலையில் வேலி அடைபடும் என்று இணங்கிய அன்றே குறித்துவிடுங்கள். நாட்கள் நீண்டால் அகந்தைக்குப் பால் வார்த்தமாதிரி.

கொப்பியில் இரண்டு பக்கம்

ஒரு கொப்பியை விரித்து இடது பக்கத்தில் அளக்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். எண், தாள், திகதி இல்லாத எதுவும் இடது பக்கத்துக்கு வரக்கூடாது. வலது பக்கத்தில் நோவை எழுதுங்கள். ஒவ்வொரு வரியும் "எனக்கு" என்று தொடங்கவேண்டும். இடது பக்கம் இப்படி இருக்கலாம்:

வடக்கு வேலி 96 அடி. உறுதியில் 2 பரப்பு 4 குழி. பழைய பூவரசு மூன்று நிற்கிறது. நடு மரத்தின் தடிப்பு, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு, 9 அங்குலம்.

கடைசி வரியில் நில்லுங்கள். நடும்போது கதியால் கைத்தடி மொத்தம்தான். வருஷக்கணக்கில் வெட்டி வெட்டிக் குழை எடுத்து வளர்ந்து அது மரமாகிறது. இந்தப் பக்கத்து வீடு மரத்தின் அந்தக் கரையிலிருந்து எல்லையைப் பார்க்கிறது. அந்தப் பக்கத்து வீடு இந்தக் கரையிலிருந்து பார்க்கிறது. ஒன்பது அங்குலம் ஒருவரும் களவெடுக்காமலே இரண்டு வீட்டுக்கும் சொந்தமாகிவிட்டது! ஆறு அங்குலத் தகராறு ஒன்று மரம் தடித்ததாலேயே வந்திருக்க முடியும். கள்ளன் என்று கூப்பிட்ட பிறகு இதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு நோகும் என்று எண்ணிப்பாருங்கள். அளவு நாடாவை முதல் நாளே எடுக்கச் சொல்வது அதனால்தான்.

வலது பக்கம்: "எனக்கு, என்னைக் கேட்காமல் அடைத்தது நோகுது. எனக்கு, என் மகனுக்கு முன்னால் 'உனக்கென்ன தெரியும்' என்று சொன்னது நோகுது. எனக்கு, அவர்களுக்கு வெளிநாட்டுக் காசு வந்தபிறகு எங்களை மதிக்கேல்லை எண்ட எண்ணம்." மூன்றாவது வரியை எழுதக் கை பின்வாங்கும். அதை எழுதினால்தான் கொப்பிக்கு வேலை. பொறாமையும் அகந்தையும் ஒரே கதியாலில் கட்டின இரண்டு ஓலை.

பக்கத்தின் அடியில், கோடு போட்டு, "என் பங்கு" என்று ஒரு வரி. ஆறாம் நூற்றாண்டில் காசா நகரத்து மடத்துத் தந்தை தொரோத்தேயு, மனம் குழம்புவதற்குக் காரணம் தன்னைத்தானே குற்றப்படுத்தாததே என்று தன் சகோதரருக்குப் போதித்தார். மற்றவர் குற்றமில்லாதவர் என்று அதற்குப் பொருளில்லை. என் கையில் இருப்பது என் பங்கு மட்டும். அந்த வரி ஒரு செயலாக இருக்கவேண்டும், நாள் சொல்லக்கூடியதாக இருக்கவேண்டும். "நானும் மனுசன்தானே, பிழை விட்டிருப்பன்" என்பது வராது. அது பிழையை ஒளிக்கிற பிழை. "வைகாசியில் அவரை அவருடைய பெடியனுக்கு முன்னால் கள்ளன் என்றேன்" என்பது வரும்.

ஆர் முதலில் போவது

"அவை வந்து கதைச்சால் நான் கதைப்பன்." நூற்றுக்குத் தொண்ணூறு சண்டை இந்த ஒரு வசனத்தில்தான் உறைந்துபோய் நிற்கிறது என்று தோன்றும். இயேசு இதற்கு இரண்டு பக்கத்தாலும் வழியை அடைத்திருக்கிறார். மத்தேயு 5:23–24இல், உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு நீ போ. மத்தேயு 18:15இல், உன் சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றஞ்செய்தால், நீ போய், நீயும் அவனும் தனித்திருக்கையில் பேசு. குற்றம் உன்னதானாலும் நீ போ. அவனதானாலும் நீ போ. "நான் ஏன் முதல்ல" என்ற கேள்விக்கு இடமே விடவில்லை.

போகும் முறை:

தனியே போங்கள். மனைவியும் அண்ணனும் கூட வந்தால் அது படை. மத்தேயு 18 ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப்போகச் சொல்வது இரண்டாம் படியில், தனியே போனது சரிவராத பிறகு. சபைக்கு அறிவிப்பது அதற்கும் பிறகு. எங்களில் பலர் மூன்றாம் படியில் தொடங்குகிறோம்: முதலில் பாதரிடமோ போதகரிடமோ முறைப்பாடு, பிறகு ஊர்க் கதை, கடைசிவரை ஆளோடு கதைப்பதில்லை.

பொழுதுபடுவதற்குக் கொஞ்சம் முன்னதாகப் போங்கள். காலையில் வேலை அந்தரம். இரவில் போனால் வீடு பயப்படும். செத்தவீட்டில் வைத்துச் சமாதானம் பேசப் போகாதீர்கள். அங்கே அவருக்கு "இல்லை" என்று சொல்லும் சுதந்திரம் இல்லை. கொடியேற்றத்துக்கும் பெரிய வெள்ளிக்கும் முதல்நாள் அவசரமாக ஓடுவதும் அப்படித்தான், நன்மை (நற்கருணை) எடுப்பதற்காகச் செய்த கணக்காகத் தெரியும். எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன் எரிச்சல் தணியச் சொல்கிறது. தணியவேண்டியது உங்கள் எரிச்சல். முழு வழக்கும் அன்றைக்கே தீரவேண்டும் என்று அதில் இல்லை. அன்றைக்குச் செய்யக்கூடியது சிறிது: குரற்பதிவு அனுப்பாமல் இருப்பது, கனடாவிலுள்ள தம்பிக்குப் போன் எடுத்து ஊதிப் பெருக்காமல் இருப்பது.

தேத்தண்ணி தந்தால் குடியுங்கள். பகை வீட்டில் வாய் நனைக்கமாட்டோம் என்பது எங்கள் ஊர் வைராக்கியம். ஆகவே அந்தக் கோப்பையைக் கையில் வாங்குவதே பாதி வார்த்தை. சீனி கூடினாலும் குடியுங்கள்.

காணியைப் பற்றி முதல் நாள் வாய் திறக்காதீர்கள். கொப்பியின் இடது பக்கம் வீட்டிலேயே இருக்கட்டும். கொண்டு போவது கோட்டுக்குக் கீழே எழுதின ஒரு வரி மட்டும்:

"அண்ணை, வேலி கதைக்க வரேல்லை. வைகாசியில உங்கட பெடியனுக்கு முன்னால உங்களைக் கள்ளன் எண்டு சொன்னனான். அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான். பெடியனுக்கும் சொல்லுறன்."

இவ்வளவுந்தான். கடைசி வசனம் முக்கியம்: மானம் ஆர் முன்னால் போனதோ அவர் முன்னால்தான் திரும்பவேண்டும். பத்துப் பேர் முன்னால் ஏசிவிட்டு அறைக்குள் மன்னிப்புக் கேட்டால் கணக்கு நேராகாது.

பிழைத்துப்போகும் இடங்கள்

"ஆனால்." "நான் சொன்னது பிழைதான், ஆனால் நீங்களும்…" என்ற இடத்தில் மன்னிப்பு முடிந்து வழக்கு தொடங்குகிறது. அவருடைய பிழை உங்கள் கொப்பியில் இருக்கலாம். அதற்கு வேறொரு நாள் உண்டு. "பிழையெண்டால் மன்னியுங்கோ" என்பதும் இந்த வகைதான். பிழையா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் பாரத்தை அது மற்றவர் தலையில் வைக்கிறது.

தாழ்மை காட்டும் பெருமை. "நான் இறங்கி வந்தனான், கிறிஸ்தவன் எண்டபடியால்" என்று சொன்னால், இறங்கவில்லை, ஏறிவிட்டீர்கள். கிரகோரியாரின் ஏழு பிள்ளைகளில் வெளிவேஷமும் ஒன்று என்பதை மறக்கவேண்டாம். போய்வந்த கதையை வெளியில் சொல்லாமல் ஒரு மாதம் இருக்க முடிகிறதா என்று பாருங்கள். அது நல்ல சோதனை.

இடையில் ஆள். "அவர் உன்னைப்பற்றி இப்பிடிச் சொன்னவர்" என்று கொண்டுவரும் செய்தி பெரும்பாலும் கொஞ்சம் வீங்கித்தான் வரும். மத்தியஸ்தம் செய்பவருக்கும் தடிப்பு உண்டு. தான் பேசித் தீர்த்ததாக இருக்கவேண்டும் என்று நினைப்பார், தீராவிட்டால் அவரும் ஒரு பகுதியாகிவிடுவார். நல்ல மத்தியஸ்தர் பேசியது இரண்டாம் நாள் ஊருக்குத் தெரிந்திருக்காது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, பிணங்கி நின்ற இரு பெண்களான எயோதியாளுக்கும் சிந்திகேயாளுக்கும் தனித்தனியே புத்தி சொல்கிறார். ஆர் சரி என்று எழுதவேயில்லை. இருவரும் சுவிசேஷத்துக்காகத் தன்னோடு பிரயாசப்பட்டவர்கள் என்று அடுத்த வசனத்தில் இருவருக்கும் மரியாதை வைக்கிறார். மத்தியஸ்தம் செய்யப்போகிறவர் அந்த இரண்டு வசனத்தையும் (4:2–3) பாடமாக்கவேணும்.

வெளிநாட்டு உறவு. காணி இங்கே, உறுதி அங்கே, ரோஷம் இரண்டு இடத்திலும். ஊரில் இருப்பவர் இணங்கத் தயாராக இருக்கும்போது "நான் காசு அனுப்புறன், வழக்குப் போடு" என்று போன் வரும். அவர் தினமும் அந்த வேலியைக் கடந்து கிணற்றுக்குப் போவதில்லை. அவரைத் திட்டவேண்டாம். அளவுகளையும் மரத்தின் படத்தையும் அனுப்புங்கள், வலது பக்கத்தை அனுப்பாதீர்கள். முடிவில் ஒரு கையெழுத்து அவருடையதாக இருந்தால் அவரும் வேலிக்குள் வந்துவிடுவார்.

சபைக்குள் வரும்போது

சபைச் சண்டை காணிச் சண்டையிலும் கடினம். எல்லோரும் கடவுளுக்காகச் சண்டை பிடிக்கிறார்கள் அல்லவா! உபயகாரர் பலகையில் எந்தப் பெயர் மேலே, திருவிழாவில் சுரூபம் தூக்குவது எந்தப் பகுதி, பாடகர் குழுவில் தனிக்குரல் ஆர், நிர்வாகத்தில் செயலாளர் எத்தனை வருஷம். இதற்கெல்லாம் வெட்கப்பட்டு ஒளிக்கவேண்டாம். லூக்கா 22:24இன்படி, தங்களில் எவன் பெரியவன் என்ற வாக்குவாதம் சீஷருக்குள் வந்தது கடைசி இராப்போசன மேசையில். யோவான் 13இல் இயேசு எழுந்து, சீலையை அரையிலே கட்டிக்கொண்டு, அவர்களின் காலைக் கழுவியதும் அதே இரவுப் போசனத்தில்.

அறிவுரையைவிட ஒழுங்கு விதி இங்கே நன்றாக வேலை செய்யும். பெயர்ப்பலகையை அகரவரிசையில் எழுதுங்கள், தொகையைப் போடாதீர்கள். முறை வைக்கவேண்டிய இடத்தில் சீட்டுக் குலுக்குங்கள். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைத் தெரிந்ததும் சீட்டுப் போட்டுத்தான். பொறுப்புக்கு வருஷ எல்லை வையுங்கள். நல்லவர் ஒருவருக்காக அந்த எல்லையை நீட்டுவது, அந்த நல்லவரைக் கெடுக்கிற வேலை. முதன்மையாயிருக்க விரும்பின தியோத்திரேப்பு என்று யோவானின் மூன்றாம் நிருபம் ஒருவரைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சபைக்கு எழுதியவரை அவர் ஏற்கவில்லை, சகோதரரையும் சேர்க்கவில்லை. முதலிடம் பழகினால் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஒன்றை மெல்லமாகச் சொல்லிவிட்டுப் போக எங்களுக்கு மனமில்லை. "இது எங்கட கோயில் வழமை" என்ற சொல்லுக்குப் பின்னால் சாதித் தடிப்பு நிற்கும் இடங்கள் யாழ்ப்பாணத்தில் உண்டு. பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இடமும் ஏழைக்கு நிற்க இடமும் காட்டுவதை யாக்கோபு 2 அநியாயமான தீர்ப்பு என்கிறது. சுரூபம் ஆர் தூக்கலாம் என்ற சண்டையில் இது கலந்திருந்தால், சீட்டுக் குலுக்கலால் அது தீராது. அதைப் பாவம் என்று பெயர் சொல்லி, நிர்வாகக் கூட்டத்தில், குறிப்பேட்டில் பதிவாகும்படி எடுத்துப் பேசவேண்டும். அப்படிப் பேசுகிறவரைச் சண்டைக்காரர் என்பார்கள். அவர் அதற்கு ஆயத்தமாயிருக்கட்டும்.

தாழக்கூடாத இடம்

இந்த முறையைத் தவறாகப் பாவிக்கக்கூடியது ஒரு விஷயத்தில். கணவன் அடிக்கிற வீட்டில் மனைவிக்கு "நீதான் தாழ்ந்து போ, அகந்தைதான் சண்டைக்குக் காரணம்" என்று வசனம் காட்டுவது இந்தப் போதனையைத் தலைகீழாகப் பிடிப்பது. அங்கே அகந்தை அடிக்கிற கையில் இருக்கிறது. சீதனப் பாக்கி என்று வதைப்பது, பிள்ளைக்குத் துன்பம் செய்வது, கள்ள உறுதி முடிப்பது, இவற்றுக்குக் கொப்பியும் தேத்தண்ணியும் மருந்தில்லை. பொலிசும் சட்டத்தரணியும் பாதுகாப்பான வேறொரு வீடுந்தான் முதற்படி. பவுல் தன்னை அடிக்கக் கட்டியபோது ரோமக் குடியுரிமையைச் சொன்னார், இராயனிடம் அபயமிட்டார், பேதுரு பிழையாக நடந்தபோது முகமுகமாய் எதிர்த்தார். இதை அகந்தை என்று ஒருவரும் எழுதவில்லை. உண்மைக்காக, அளவோடு எதிர்த்துப் பேசுவது புகழத்தக்கது என்று அக்குவினாரும் ஒத்துக்கொள்கிறார். உங்களுக்காக மட்டுமா, அதே அநியாயம் இன்னொருவருக்கு நடந்தாலும் இதே அளவு எழும்புவீர்களா என்ற கேள்வி, இரண்டையும் பிரித்துக் காட்டும்.

மற்றவர் கதவைத் திறக்காவிட்டால்

நடக்கும். போன முதல் நாளே முகத்துக்கு நேரே படலையைச் சாத்துவார்கள். ரோமர் 12:18 "கூடுமானால் உங்களாலானமட்டும்" என்று இரண்டு தரம் எல்லை கீறி வைத்திருக்கிறது. உங்களால் ஆனது உங்கள் வரியைச் சொல்வது. அதைச் சொல்லிவிட்டால், படலைக்கு வெளியே நின்று சொன்னாலும், சொன்னதுதான். பிறகு இரண்டு மூன்று மாதம் இடைவெளி விடுங்கள். இடையில் வழியில் கண்டால் தலையசையுங்கள், பதில் வராவிட்டாலும். அவர்கள் வீட்டுப் பிள்ளை சோதனை பாஸ் பண்ணினால் வாழ்த்துங்கள். வருத்தமென்றால் போங்கள். இரண்டாம் முறை போகும்போது இருவருக்கும் பொதுவான ஒருவரோடு போகலாம். அதுவும் சரிவராவிட்டால் காணியை இணக்கசபையில் பேசுங்கள்; அதில் வெட்கமில்லை. அங்கும் இடது பக்கத்தை மட்டும் கொண்டு போங்கள்.

வேலி அடைக்கும் நாள்

இணங்கிவிட்டால் மாரிமழை தொடங்குகிற பருவத்தைப் பாருங்கள், கதியால் பிடிக்கும். இரு வீட்டாரும் நிற்கிற நாளாக இருக்கட்டும். பிளானில் உள்ள இரண்டு முனையிலும் முளை அடித்து, நைலோன் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு முனையை அவர் பிடிக்கட்டும், மறு முனையை நீங்கள். கயிறு தொய்யாமல் நடுவிலும் ஒரு முளை. பழைய பூவரசை எந்த வீடு தறிப்பது, விறகு ஆருக்கு, குழை ஆருக்கு என்று கோடரி எடுக்க முன்பே பேசுங்கள். நல்லாகப் போய்க்கொண்டிருந்த நாள் விறகில் குழம்பினது உண்டு. கதியால் ஒரு வீடு, கிடுகும் கட்டுக்கயிறும் மற்ற வீடு, கூலி சரிபாதி என்றால் கணக்கு இலகு.

பிறகு ஒரு தாளில் ஒரு வசனம் எழுதுங்கள்: "கதியாலின் நடுமையமே எல்லை; மரம் எவ்வளவு தடித்தாலும் எல்லை நடுமையமே." திகதி போட்டு இரு வீட்டாரும் கையெழுத்து வைத்து, இரண்டு பிரதி எடுத்து, ஆளுக்கொன்று உறுதியோடு சேர்த்து மடித்து வையுங்கள். கொப்பியின் வலது பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடலாம். தேத்தண்ணி அன்றைக்கு உங்கள் வீட்டில்.